ஹெட்செட்டை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது: செவிலியர் திறன் வகுப்புக்கு ஒரு வழிகாட்டி

ஊசி குத்திப் பழகுவதற்குப் பழத்தை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சின் தோல் சுளையை விட்டு விலகித் தளர்வாக இருக்கும், அது சரிப்படாது. தோல் இறுகிய சாத்துக்குடி வாங்குங்கள். ஊசி முனை உள்ளே இறங்கும்போது விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும், அடுத்த கணம் அது விட்டுக்கொடுக்கும். அந்த உணர்வைக் கண்ணில் மாட்டும் எந்தக் கணினி ஹெட்செட்டும் தராது. ஆனால் இடுப்பில் ஊசி போடும்போது சயாட்டிக் நரம்பு எந்த வழியாக ஓடுகிறது என்று சாத்துக்குடியால் சொல்ல முடியாது. கலப்பு மெய்ம்மைக்கு (மிக்ஸ்டு ரியாலிட்டி) வேலை அங்கேதான்.

முழு மெய்நிகர் உலகத்தில் மாணவரின் கண்ணைக் கட்டி வேறோர் அறைக்குள் விட்டுவிடுகிறோம். கலப்பு மெய்ம்மையில் அப்படி இல்லை. ஹெட்செட்டின் கேமராக்கள் வழியாக உங்கள் ஸ்கில் லேப், கட்டில், டம்மி (பயிற்சிப் பொம்மை), மாணவரின் சொந்தக் கைகள் எல்லாம் தெரியும். அவற்றின் மேல் எலும்பும் நரம்பும் மானிட்டரும் படிந்து நிற்கும். கை டம்மியைத் தொட்டுக் கற்கிறது, கண் உள்ளே இருப்பதைப் பார்த்துக் கற்கிறது. இந்தப் பங்கீட்டை மறந்துவிட்டு எல்லாத் திறனையும் ஹெட்செட்டுக்குள் திணித்தால், மூன்றாவது வாரத்தில் அது பீரோவுக்குள் போய்விடும்.

சேலத்திலோ சுற்றுவட்டாரத்திலோ ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் முறையாக இதைத் தொடங்கும் ஆசிரியர்களுக்காக இது எழுதப்படுகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்திலேயே ஸ்கில் லேப், சிமுலேஷன் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. ஆகவே இதற்கென்று தனிப் பாடவேளை தேட வேண்டாம், லேப் மணிகளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

எந்தத் திறனுக்கு ஏற்றது

ஒவ்வொரு திறனையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் மாணவரின் கண்ணுக்குப் படாமல் போவது எது? தசை ஊசிக்கு இடம் குறிப்பதில் எலும்பும் நரம்பும் படுவதில்லை. நுரையீரலைக் கேட்பதில் எந்த மடல் எங்கே முடிகிறது என்பது படுவதில்லை. திடீரென்று நிலை மோசமாகும் நோயாளியை டம்மி காட்டாது, அதன் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான். இவற்றுக்கெல்லாம் கலப்பு மெய்ம்மை உதவும். படுக்கை விரிப்பதிலும் கை கழுவுவதிலும் மறைந்திருப்பது எதுவும் இல்லை, அங்கே ஹெட்செட் தேவையே இல்லை.

பலரும் முதலில் ஆசைப்படுவது ஐ.வி. கேனுலா போடுவதற்கு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இன்றைய ஹெட்செட்களில் கேமரா வழியாகத் தெரியும் காட்சி, ஒரு முழ தூரத்துக்குள் வந்தால் லேசாக நெளியும், மங்கும். 22 கேஜ் கேனுலாவின் முனைச்சரிவு மேலே பார்த்திருக்கிறதா, அதன் பின்புறச் சிற்றறைக்குள் ரத்தம் ஏறியதா என்பதெல்லாம் அதில் நம்பகமாகத் தெரியாது. போதாக்குறைக்கு ஒரு கை மறு கையை மறைக்கும் இடங்களில் கை அடையாளம் காணும் வசதி தடுமாறும். ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டுவதற்கு ஹெட்செட் போடலாம். குத்தும் நேரத்தில் அது தலையில் இருக்கக் கூடாது. சிரிஞ்சு அளவுக்கோடுகளைப் படிப்பதற்கும் இதே விதிதான்.

என்னென்ன வேண்டும்

எட்டு மாணவர் கொண்ட ஒரு குழுவுக்கு இரண்டு ஹெட்செட் போதும். மெட்டா குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டுமே வண்ணக் காட்சி தருபவை, எடை அரை கிலோவை ஒட்டி வரும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் 3-ஐ எடுங்கள். கண்மணிகளின் இடைவெளிக்கு ஏற்ப லென்ஸ்களின் தூரத்தை அதில் சக்கரம் திருகி நுணுக்கமாக மாற்றலாம், 3எஸ்-இல் மூன்றே நிலைகள். பத்து நிமிடத்துக்கு ஒரு தலை மாறும் வகுப்பில் இது பெரிய வித்தியாசம். மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2-ஐ யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள், அதன் தயாரிப்பு 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இவை தவிர இரண்டு இடுப்பு ஊசிப் பயிற்சி மாதிரிகள், ஒரு முழு உடல் டம்மி, ஹெட்செட் காட்சியை எல்லாரும் பார்க்க ஒரு டிவி, ஒரு லேப்டாப், ஒரு புளூடூத் கீபோர்டு, தனி வைஃபை ரவுட்டர் ஒன்று. ரவுட்டரைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். கல்லூரி வைஃபையில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். இணையம் வரும், ஆனால் டிவியில் காட்சி வராது. வகுப்பு நடுவில் அரை மணி நேரம் இதிலேயே போகும். கல்லூரியின் லேன் கேபிளை உங்கள் ரவுட்டரில் செருகி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஹெட்செட்டையும் லேப்டாப்பையும் மட்டும் இணையுங்கள்.

மென்பொருளுக்கு இரண்டு வழி. யூபிசிம், ஜிக்எக்ஸ்ஆர் போன்ற நிறுவனங்களின் ஆயத்தச் செயலிகளைச் சந்தா கட்டி வாங்கலாம். சந்தா கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: அது கலப்பு மெய்ம்மையில் ஓடுமா, முழு மெய்நிகரில் மட்டும்தானா? நோயாளி தமிழ் பேசுவாரா? இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால், நோயாளியின் குரலை அணைத்துவிட்டு ஆசிரியரே பக்கத்தில் நின்று பேச முடியுமா என்று பாருங்கள்.

இன்னொரு வழி, பக்கத்துப் பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டாகச் செய்ய வைப்பது. யூனிட்டி என்ற முப்பரிமாணச் செயலி உருவாக்கும் மென்பொருள் தெரிந்த இருவர் இருந்தால் ஒரு செமஸ்டரில் இடுப்புப் பாடம் முடியும். எலும்பு, தசை, நரம்பின் முப்பரிமாண மாதிரிகளுக்குப் பணம் தர வேண்டாம். ஜப்பானில் உருவான பாடிபார்ட்ஸ்3டி, அதை அடிப்படையாகக் கொண்ட இசட்-அனாட்டமி இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, மூலத்தைக் குறிப்பிட்டு உரிம நிபந்தனைகளையும் பின்பற்ற வேண்டும். அப்படியே எடுத்துப் போட்டால் ஹெட்செட் திணறும், காட்சி விட்டுவிட்டு நகரும், மாணவருக்குக் குமட்டும். பிளெண்டர் மென்பொருளில் இடுப்புப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மாதிரியின் பரப்பை உருவாக்கும் முக்கோணங்களை 60,000-க்குள் குறைக்கச் சொல்லுங்கள்.

அறை

ஸ்கில் லேப் என்றால் வெள்ளை டைல்ஸ் சுவர், பளபளக்கும் தரை. சுத்தத்துக்கு நல்லது, ஹெட்செட்டுக்கு ஆகாது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை அது சுற்றியுள்ள பொருள்களின் ஓரங்களையும் வடிவங்களையும் வைத்துத்தான் கணிக்கிறது. வெற்றுச் சுவரைப் பார்த்தால் குழம்பும், படிய வைத்த எலும்பு மெல்ல நகரும். உடற்கூறு சார்ட்டுகளை கட்டிலின் மூன்று பக்கமும் ஒட்டிவிடுங்கள், பிரச்சினை பாதி தீரும். கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் காட்சி மினுக்கினால் அமைப்புகளில் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மங்கலான அறையில் காட்சி புள்ளி புள்ளியாக உடையும், ஆகவே விளக்குகள் எல்லாம் எரியட்டும். வெயில் மட்டும் நேராக உள்ளே வரக் கூடாது. மேற்கு ஜன்னலோர மேசையில் லென்ஸ் மேல் பார்க்க வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது திரையில் அழியாத பொட்டு விழுந்திருக்கும். லென்ஸ் பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். வாரண்டியும் உதவாது.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் ஹெட்செட் சூடாகித் தானே நின்றுவிடும், சார்ஜ் போட்டபடியே பயன்படுத்தினால் இன்னும் சீக்கிரம். பேட்டரி இரண்டு மணி நேரம்தான் நிற்கும். ஒரு குழு முடிந்ததும் அடுத்த குழு வருவதற்குள் சார்ஜில் போடுங்கள். கோடையில் காலை எட்டரைக்கே வகுப்பை வைத்துவிடுவது நல்லது.

வகுப்புக்கு முந்தைய நாளே ஹெட்செட்டை ஆன் செய்து அப்டேட் எல்லாம் முடித்துவிடுங்கள். காலையில் எட்டு பேர் வரிசையில் நிற்கும்போது அது அப்டேட் கேட்கத்தான் செய்யும்.

எலும்பை டம்மி மேல் படிய வைத்தல்

இந்த ஒரு வேலை தவறினால் மற்றதெல்லாம் வீண். வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் படிந்த எலும்பைப் பார்த்துக் கற்ற மாணவர் தவறான இடத்தை நம்பிக்கையோடு கற்றுக்கொள்வார். கண்ணால் பார்த்ததை அழிப்பது கஷ்டம்.

மூன்று புள்ளி முறை எளிது. இடுப்பு மாதிரியில் தொட்டுப் பார்த்தால் தட்டுப்படும் மூன்று இடங்களில் சிறிய வண்ண டேப் துண்டு ஒட்டுங்கள்: இடுப்பெலும்பின் முன் மேல் முனை, அதாவது வகுப்பில் நாம் சொல்லும் ஏ.எஸ்.ஐ.எஸ்., இடுப்பெலும்பு விளிம்பின் உச்சி, தொடையெலும்பின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் பெரிய ட்ரோகாண்டர். ஹெட்செட்டோடு வரும் கைக்கருவியான கன்ட்ரோலரின் முனையால் இம்மூன்றையும் செயலி கேட்கும் வரிசையில் தொட்டால், எலும்புக்கூட்டை அது அதற்கேற்ப நிறுத்தும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் எலும்பு அந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றுவிடும்.

பிறகு சரிபாருங்கள். ஹெட்செட்டில் தெரியும் ட்ரோகாண்டரின் நடுவில் விரலை வைத்து, ஹெட்செட்டைக் கழற்றி, விரல் டேப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஸ்கேலால் அளங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் திரும்பச் செய்யுங்கள். எதிர்ப் பக்கத்தில் நின்றும் ஒரு முறை பாருங்கள், ஒரு கோணத்தில் பொருந்தியது மறு கோணத்தில் விலகும். கட்டிலை யாராவது இடித்துவிட்டால் எல்லாம் போச்சு. சக்கரத்தைப் பூட்டி, தரையில் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

முதல் பாடம்: வென்ட்ரோகுளூட்டியல் (இடுப்பின் பக்கவாட்டு) ஊசி இடம் குறித்தல்

மாணவர் முதலில் ஹெட்செட் இல்லாமல் இடம் குறிக்கட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலிலேயே விடையைக் காட்டிவிட்டால் விரல் தேடாது.

உள்ளங்கையின் அடிப்பகுதி ட்ரோகாண்டர் மேல், ஆள்காட்டி விரல் ஏ.எஸ்.ஐ.எஸ். நோக்கி, நடுவிரல் இடுப்பெலும்பு விளிம்பை ஒட்டிப் பின்னால் விரிய வேண்டும். இரண்டு விரலுக்கும் இடையிலான ‘வி’யின் நடுவே ஊசி, 90 டிகிரியில். நோயாளியின் இடது இடுப்புக்குச் செவிலியரின் வலது கை, வலது இடுப்புக்கு இடது கை. கட்டைவிரல் கவட்டைப் பக்கம் காட்ட வேண்டும், அது முதுகுப் பக்கம் காட்டினால் கை மாறிவிட்டது என்று அர்த்தம். மாணவர் குறித்த இடத்தில் ஒரு பொட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஹெட்செட். தோல் மறைந்து எலும்பும் குளூட்டியஸ் என்னும் பிட்டத் தசைகளும் நரம்பும் தெரியும். தான் ஒட்டிய பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று மாணவரே பார்க்கட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். பெரும்பாலும் நடக்கும் தவறு, உள்ளங்கையை ட்ரோகாண்டரில் வைக்காமல் மேலே விளிம்பின் மீதே வைத்துவிடுவது. அப்போது பொட்டு எலும்பின் மேல் ஏறி நிற்கும். பின்னால் தள்ளிப் போனவர்களுக்கு நரம்பின் பாதை பக்கத்தில் தெரியும், பழைய முறைப்படி பிட்டத்தில் போடும்போது எதைத் தவிர்க்கிறோம் என்பது அங்கே சொல்லாமலே புரிந்துவிடும்.

மூன்று முறை ஹெட்செட்டுடன் கை வைத்துப் பார்த்தபின் கழற்றிவிட்டு, மறு பக்க இடுப்பில் புதிதாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஊசி குத்துவது இந்தக் கட்டத்தில்தான். கையுறை போட்டால் சில நிறங்களில் கை அடையாளம் தவறும். உங்கள் லேப் கையுறையை முன்கூட்டியே போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடம்: கதண்டு கொட்டியவர்

இது நால்வர் குழுவுக்கு. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கதண்டு என்னும் பெரிய குளவி கொட்டி, கடும் ஒவ்வாமையோடு ஒரு பெண்ணைத் தூக்கி வந்திருக்கிறார்கள். டம்மியின் மேல் முகமும் தடிப்புகளும் படிகின்றன, கட்டிலருகே மானிட்டர் மிதக்கிறது. ரத்த அழுத்தம் 80/50, நாடி 130, மூச்சு நிமிடத்துக்கு 32, ஆக்சிஜன் 88. நோயாளிக்கு ஆசிரியர் குரல் கொடுக்க வேண்டும், அதுவும் நம்ம ஊர்ப் பேச்சில்: “மேலெல்லாம் அரிக்குதுங்க சிஸ்டர், தொண்டைய அடைக்கிற மாதிரி இருக்குதுங்க.” மாணவரும் “அக்கா, எந்திரிக்காதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்” என்று பேசிக்கொண்டே வேலை செய்யப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை நோயாளியிடம் தமிழில் சொல்லத் தடுமாறுவது இங்கேதான் வெளிப்படும்.

ஹெட்செட் ஒருவருக்கு மட்டும், அவர் முதன்மைச் செவிலியர். மருந்து எடுப்பவர் ஹெட்செட் போடக் கூடாது, ஆம்பூலையும் சிரிஞ்சையும் வெறுங்கண்ணால்தான் படிக்க வேண்டும். எடுத்ததை உரக்கச் சொல்ல, முதன்மைச் செவிலியர் திருப்பிச் சொல்லட்டும். வார்டிலும் இதுதானே முறை. மூன்றாமவர் ஆக்சிஜனும் திரவமும் பார்க்க, நான்காமவர் கடிகாரத்தோடு சரிபார்ப்புத் தாளில் குறிக்கட்டும்.

நிலை மாற்றங்களை ஆசிரியர் புளூடூத் கீபோர்டின் 1, 2, 3 எண்களில் வைத்துக்கொள்ளலாம். பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலில் பாதி, நடுத்தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் போனதும் 2-ஐ அழுத்துங்கள், நிலை சற்று மட்டும் தேறும். முன்னேற்றம் போதாமல் ஐந்து நிமிடத்தில் மறு டோஸும் கால்களை உயர்த்தி 500 மி.லி. நார்மல் சலைனும் போனால் 3: அழுத்தம் 100/64, ஆக்சிஜன் 95. வகுப்பில் ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கலாம், ஆனால் சுருக்கியதை வாயால் சொல்லிவிடுங்கள்.

முதலில் போக வேண்டிய அட்ரினலினுக்கு முன்னால், ஒவ்வாமை மருந்தான அவிலும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் போட ஓடுவார்கள். அது மிகப் பொதுவான தவறு, தடுக்காதீர்கள். இன்னொரு விசை அதற்கென்றே வேண்டும்: அழுத்தம் 60-க்கு இறங்கும், நோயாளி பதில் சொல்வதை நிறுத்துவார். நோயாளியை எழுப்பி உட்கார வைத்தாலும் நடக்க வைத்தாலும் அதே விசைதான். மூச்சுத் திணறலால் சாய்ந்து உட்கார விரும்புகிறவரை மட்டும் விட்டுவிடலாம், அப்போதும் எழுந்து நிற்க விடக் கூடாது. ஆம்பூல் முழுவதையும் இழுத்துவிடுவது இரண்டாவது தவறு.

தடிப்புகளைத் திரையிலேயே காட்டிவிடலாம். டம்மியின் தோலில் குங்குமமோ லிப்ஸ்டிக்கோ பட்டால் கறை போகாது. வாந்தியாகக் காட்டுவதற்குச் சேலத்தில் கவலையே இல்லை: மரவள்ளி ஸ்டார்ச் 10 கிராமை 200 மி.லி. தண்ணீரில் காய்ச்சினால் கெட்டிக் குழம்பாகிவிடும், கிட்னி டிரேயில் வையுங்கள். டம்மியின் குழாய்க்குள் மட்டும் போகவே கூடாது, காய்ந்து அடைத்துக்கொள்ளும். அன்றே கழுவாவிட்டால் எறும்பு வரும்.

நேரம், தலை, வயிறு

எட்டுப் பேருக்கு 90 நிமிடம் என்று வைத்தால், முன் விளக்கம் 10. இரண்டு ஹெட்செட்டில் நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் பயிற்சி 8, மாற்றிப் போட 3, ஆக 44. கலந்துரையாடல் 25. மீதி 11 நிமிடம் ஏதாவது கோளாறுக்கு, அது கட்டாயம் வரும். நேரம் போதாவிட்டால் சுற்றைக் குறையுங்கள், கலந்துரையாடலில் கை வைக்காதீர்கள். ஹெட்செட்டில் செய்த தவறு ஏன் நடந்தது என்று பேசும்போதுதான் திறன் மனதில் உட்காருகிறது. “ஏன் முதலில் அவில் எடுத்தாய்?” என்று குற்றம் சாட்டுவதுபோல் கேட்காமல், “அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள்.

மாற்றிப் போடும் 3 நிமிடத்தைத் தின்பது கொண்டைதான். செவிலியர் கொண்டை ஹெட்செட்டின் பின்பட்டை உட்காரும் இடத்திலேயே இருக்கும், பட்டை மேலே ஏறிக் காட்சி மங்கும். பட்டை கொண்டைக்குக் கீழே போக வேண்டும், அன்றைக்குக் கொண்டையைச் சற்று உயர்த்திப் போடச் சொல்லிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பட்டையில் ஊறினால் நாறும், பொட்டும் பவுடரும் முகப் பஞ்சில் ஒட்டும். பஞ்சுக்குச் சிலிக்கான் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்துவிடுங்கள். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், ஸ்பிரிட் பட்டால் பூச்சு போய்விடும். கண்மணி இடைவெளியை முதல் நாளே அளந்து வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

வலிப்பு நோய், தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் ஹெட்செட் வேண்டாம், அவர்கள் டிவி பார்த்துக் குறிக்கும் பொறுப்பை எடுக்கலாம். மற்றவர்களில் கொட்டாவி விட்டாலோ வேர்த்தாலோ உடனே கழற்றி உட்கார வையுங்கள், “சமாளிச்சுக்கிறேன் மேடம்” என்பதைக் கேட்காதீர்கள். ஹாஸ்டல் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இது முதலில் வரும்.

லாக்புக்கில் கையெழுத்து

ஹெட்செட்டுடன் சரியாகச் செய்ததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றே ஹெட்செட் இல்லாமல் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு முறை இடுப்பு மாதிரியில் செய்யட்டும். பிறகு சம்மதிக்கும் சக மாணவரின் உடல்மேல் உடைக்கு மேலாக இடம் மட்டும் குறிக்கட்டும், ஊசி கிடையாது. மெலிந்தவர், பருமனானவர் என இருவரிடமாவது ட்ரோகாண்டரைத் தேடட்டும், டம்மியில் எல்லா இடுப்பும் ஒன்றுதான். இந்த மூன்றும் தேறிய பிறகே மேற்பார்வையில் வார்டு ஊசி. வார்டுக்கு ஹெட்செட்டைக் கொண்டுபோகவே கூடாது. அதன் கேமராக்கள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கின்றன, படுத்திருப்பவர் அதற்குச் சம்மதம் தந்தவர் இல்லை.